சங்கு ஊதிரணும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. உயரம், நிறம் மாதிரி அதுவும் என்னோடு பிறந்த ஒன்று. "உன் வாய்க்கு ஒரு நாளைக்கு இருக்குளா" என்று அம்மா சொல்லாத வாரம் கிடையாது. அந்த ஒரு நாள் கடைசியில் வரத்தான் செய்தது. ஆனால் நான் மைக் பிடித்துப் பேசிய பேச்சுக்காக வரவில்லை, போட்ட கோஷத்துக்காகவும் வரவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பிய ஒரு குரல் செய்திக்காக வந்தது. அதில் "சங்கு ஊதிரணும்" என்று சொல்லியிருந்தேன். அதற்காக என்னைக் கைது செய்ய வந்தார்கள்.

எங்கள் வீடு திரேஸ்புரத்தில், கடலை ஒட்டிய தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. அப்பா சங்கு குளித்தவர். முத்துக் குளிக்கிற ஊர்தானே என்று வெளியூர்க்காரர்கள் இன்னமும் வாயைப் பிளப்பார்கள். முத்தை எங்கள் அப்பா கண்ணால் பார்த்ததே நகைக்கடையில்தான். எங்களுக்குச் சோறு போட்டது சங்கு. படகில் காற்று அடிக்கிற கம்பிரசர் ஒன்று ஓடும், அதிலிருந்து வரும் டியூபை வாயில் கவ்விக்கொண்டு கீழே போய், மணலில் தடவித் தடவிச் சங்கை எடுப்பார்கள். டியூப் மடங்கிவிட்டாலோ மிஷின் நின்றுவிட்டாலோ கீழே இருப்பவன் பாடு திண்டாட்டம். அப்போது படகில் இருப்பவன் முதலில் எடுப்பது செல்போனை இல்லை, சங்கை. கடலுக்குள்ளே சிக்னல் கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. சங்குச் சத்தம் பக்கத்துப் படகுக்குக் கேட்கும், அவன் ஊதினால் அடுத்த படகுக்குக் கேட்கும், அப்படியே கரைக்கு வந்துவிடும். கரையில் ஒருத்தர் ஊதினால் எங்கள் தெரு போட்டது போட்டபடி ஓடி வரும். அதனால் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டு ஜன்னலிலும் ஊதுகிற சங்கு ஒன்று இருக்கும்.

சாவுக்கு எங்களிடம் சங்கு கிடையாது. நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; ஆள் செத்தால் மாதா கோயில் மணிதான் அடிக்கும். மற்ற ஊர்களில் சாவு வீட்டில் சங்கு ஊதுவார்கள் என்பதும், "உனக்குச் சங்குதான்" என்றால் என்ன அர்த்தம் என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வீட்டு ஆட்களோடு பேசும்போது யார் அகராதியைப் புரட்டிக்கொண்டு பேசுகிறார்கள்? எங்கள் காதில் சங்கு விழுந்தால் "வா" என்று அர்த்தம். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். படகுகளை இழுத்துப் போடுகிற கரையில் பாதியை வளைத்து ஒரு தனியார் கம்பெனி வேலி போட வந்தது. அந்தக் கரை போனால் படகு நிறுத்த இடமில்லை, படகு இல்லாவிட்டால் குளிப்பு இல்லை. நான் அப்போது எம்.ஏ. ஆங்கிலம் கடைசி செமஸ்டர். கல்லூரியில் நாங்கள் சில பேர் சேர்ந்து மனு எழுதினோம், துண்டுப் பிரசுரம் அடித்தோம், தெருவில் கூட்டம் போட்டோம். கம்பெனி இஞ்சினியர் மறுநாள் அளக்க வருகிறார் என்று தெரிந்ததும் நான் குரூப்பில் பேசினேன். "நாளைக்கு அந்த இஞ்சினியர் வந்து இறங்குனதும் சங்கு ஊதிரணும். ஒருத்தரும் பிந்தாதீய. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

மத்தது என்றால் என்ன தெரியுமா? டீயும் வடையும். எங்கள் தெரு முக்குக் கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருந்தேன். வேகாத வெயிலில் உட்காரப் போகிற பெண்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. பிறகு அந்த "மத்தத நான் பாத்துக்கிடுதேன்" மேலே என்னென்ன வியாக்கியானம் எழுதினார்கள் என்கிறீர்கள்! ஆயுதம், ஆள், பணம் எல்லாம் வந்தது. வடை மட்டும் யார் நினைப்பிலும் வரவில்லை.

மறுநாள் காலையில் கார் வந்தது, பக்கத்து வீட்டு மாமி சங்கு ஊதினாள், தெரு வந்தது. கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பெண்கள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள், நான் தூக்குச்சட்டியோடு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு முன்பக்கத்தில் தள்ளுமுள்ளு வந்தது. எங்கிருந்தோ ஒரு கல் வந்து இஞ்சினியர் நெற்றியில் பட்டது. எறிந்தது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த மனிதர் கைக்குட்டையை நெற்றியில் அமுக்கிக்கொண்டு காருக்குப் போனதைப் பார்த்தேன். அது சிவந்துகொண்டே வந்தது. அவரும் யாரோ அனுப்பி வந்தவர்தானே? அவர் வீட்டில் சாயங்காலம் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். எறிந்தவன் எங்கள் ஆளாக இருந்தாலும் அவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது என் குரலே எனக்குப் போனில் வந்தது. "இஞ்சினியர் வந்து இறங்குனதும் சங்கு ஊதிரணும், மத்தத நான் பாத்துக்கிடுதேன்." நடுவில் இருந்த "ஒருத்தரும் பிந்தாதீய" காணவில்லை. பின்னால் திகில் பட மியூசிக். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஆள் வந்ததும் கதையை முடித்துவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம். மொழிபெயர்ப்பை ஒரு பாடமாகவே எழுதிப் பாஸ் பண்ணியவள் நான். என் வாயிலிருந்து வந்ததையே எனக்கு இன்னொருத்தன் மொழிபெயர்த்துக் காட்டுகிறான். தட்டை நகர்த்தி வைத்தேன்.

அன்றைக்கு முதலில் போன் பண்ணியது என் வகுப்புத் தோழி. கயத்தாறு பக்கத்துக்காரி, எங்கள் குரூப்பிலும் இருந்தவள்.

"ஏளா, நெசமாவே நீ அதுக்குத்தான் சொன்னியா?"

"எதுக்குளா?"

"இல்ல... நேத்தே கேக்கணும்னு நெனச்சேன். எங்க ஊர்ல சங்கு ஊதுனா பாடை கட்டிட்டாவன்னுல்லா அர்த்தம். நீ ஏதோ கோவத்துல பேசுதன்னு விட்டுட்டேன்."

இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் சோறு தின்றவள். அவளுக்கே அப்படிக் கேட்டிருக்கிறது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன், "பெறகு பேசுதேன்" என்று போனை வைத்துவிட்டேன். பொய்யாக வெட்டி ஒட்டியவர்கள் மேல் வருகிற கோபம் வேறு. அதுபாட்டுக்கு வரும், போகும். நம் ஆள் ஒருத்தி நம் சொல்லை நல்ல மனசோடு கேட்டே தப்பாகப் புரிந்துகொண்டாள் என்றால் யாரைக் கோபிப்பது? எங்கள் தெருவையே உலகம் என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்து வந்தது குப்பை மழை. என் பிறந்தநாள் போட்டோ ஒன்றைத் தோண்டி எடுத்து, கேக் வெட்டுகிற பிளாஸ்டிக் கத்தியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். அண்ணன் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அவன் வீட்டுக்கு அனுப்புகிற பணம் வெளிநாட்டுச் சதிப்பணம் ஆகிவிட்டது. அந்தச் சதிப்பணத்தில் நாங்கள் வாங்கியது ஒரு வாஷிங் மெஷின், அதுவும் தண்ணீர் வராத நாளில் சும்மா நிற்கிறது. கழுத்தில் கிடந்த ஜெபமாலைக்கு ஒரு கதை. நான் சிரித்த போட்டோவுக்கு ஒரு கதை. என் உடம்பைப் பற்றி எழுதியதை எல்லாம் இங்கே நான் எழுதப் போவதில்லை. எழுதியவன்களே அவன் அவன் அம்மாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வீடியோவுக்குக் கீழே கூட்டம் கூட்டமாக எழுதியிருந்தார்கள்: "இவளுக்குத்தான் முதலில் சங்கு ஊதணும்." பெயரும் முகமும் போட்டே எழுதியிருந்தார்கள். அவர்கள் என்ன அர்த்தத்தில் எழுதினார்கள் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. அவர்கள் மேல் வழக்கு இல்லை. எங்கள் அர்த்தத்தில் சொன்ன என் மேல் கொலை மிரட்டல், கலவரத்தைத் தூண்டியது என்று வழக்கு. ஒரு சொல் யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது குற்றமாகிறது போல. இதை நினைக்க நினைக்க ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

போனைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. கல்லூரியில் சஸ்பெண்ட் செய்தார்கள், ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். எங்களுக்கு வந்த வக்கீல் காயல்பட்டினத்துக்காரர், அப்பாவுக்குப் பழக்கமான சங்கு வியாபாரியின் மருமகன். மதுரை ஹைகோர்ட்டில் முன்ஜாமீன் மனு போட்டிருந்தார். "இன்ஷா அல்லாஹ் கிடைச்சிரும். ஆனா அதுக்கு முன்னால அவங்க வந்தாலும் வருவாங்க. வந்தா கூடப் போயிரும்மா. அங்கன போயி ஒரு வார்த்தை பேசாத. உன் வாயால நீ கெட்டது போதும்" என்றார். முன்பின் பழகாத மனிதருக்குக்கூட என் வாயைப் பற்றித் தெரிந்திருந்தது.

வழக்கைவிட அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கல்லூரியில் ஒரு மேடம் நல்லெண்ணத்தில் சொன்னார்கள்: மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டுவிடு, பரீட்சை எழுத விடச் சொல்லி நான் பேசுகிறேன், ஸ்டேஷனிலும் இளகிவிடுவார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டுத்தான் போயேம்ளா. என்ன கொறஞ்சிரும்? ஜெயிலுக்குப் போன புள்ளன்னு பேரு வந்தா யாரு வேல குடுப்பா? உங்க அப்பா பலமில்லாத கால வச்சிக்கிட்டு இனிமே கடலுக்குப் போவாவளா? அண்ணன் எத்தனை நாளைக்கு அனுப்புவான்?"

வக்கீல் மன்னிப்பு கூடாது, கேட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். அம்மா காதில் அது ஏறவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அழுவாள், துவைத்துக்கொண்டே அழுவாள். எத்தனை நாள் பொறுப்பேன்? எனக்கும் பயம் இல்லை என்று யார் சொன்னது? வாசலில் பைக் நின்றால்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். ஒரு காலையில் சரி, தொலையட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

அம்மா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "என்னன்னு கேக்கப்போற? சொல்லிக் காட்டு" என்றாள் அம்மா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தேன்.

"எல்லோருக்கும் வணக்கம். அன்றைக்குச் சங்கு ஊதச் சொன்னது தவறு. சங்கு ஊதச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்காக..."

"நில்லு" என்றாள் அம்மா.

மீன் செதிள் ஒட்டின கையோடு எழுந்து நின்றாள். "சங்கு ஊதுனது தப்பா?"

"அப்படிச் சொன்னாத்தானம்மா மன்னிப்பு. பெறகு என்னத்தச் சொல்ல?"

"அப்ப அன்னைக்கு ஊதுனதும் தப்பாளா?"

எந்த அன்றைக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் அப்பாவின் டியூப் கீழே பாரில், கடலடிப் பாறையில், மாட்டி மடங்கிவிட்டது. காற்று இல்லாமல் அவர் பதறிக்கொண்டு மேலே ஏறி வந்ததில் உடம்பு கட்டை மாதிரி ஆகிவிட்டது; ஆழத்திலிருந்து ஒரேயடியாக ஏறினால் அப்படித்தான் ஆகும். அவர்கள் படகு மிஷின் அந்த நேரம் பார்த்துக் கிளம்பவில்லை. படகில் இருந்தவர் சங்கு ஊதினார். அடுத்த படகு வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. ஒரு படகு அப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கரையில் சத்தம் கேட்டுத் தெருவே நின்றது, ஆட்டோ நின்றது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உயிர் பிழைத்தார். இடது காலில் மட்டும் பழைய பலம் வரவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அம்மாவுக்குச் சங்குச் சத்தமே ஆகாது. தெருவில் யாராவது விளையாட்டுக்கு ஊதினாலும் காதைப் பொத்திக்கொண்டு வைவாள். எங்கள் வீட்டுச் சங்கைத் துணியில் சுற்றி பீரோவுக்கு மேலே போட்டதும் அவள்தான்.

"அதத் தப்புன்னு சொல்லி நீ ஒண்ணும் பரீட்ச எழுத வேண்டாம்" என்றாள். "வாரவன் வரட்டும்." திரும்ப உட்கார்ந்து மீனை எடுத்துக்கொண்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. போனால் மீன் கையோடு தள்ளிவிடுவாள் என்று அங்கேயே நின்றேன்.

வந்தார்கள். மதுரையில் மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தின நாள், காலைச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரு ஜீப், ஒரு வேன். ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். வடக்கே சேலம் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்கு மாறுதலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "கிளம்பும்மா, துணி ரெண்டு எடுத்துக்கோ" என்றார். குரலில் கடுமையும் இல்லை, இரக்கமும் இல்லை. நான் பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது. அம்மாவைத் தேடினேன், காணவில்லை.

அப்போது மொட்டை மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் வெறும் காற்றாக, புஸ் என்று. பிறகு கரகரவென்று. பிறகு சரியாகப் பிடித்துக்கொண்டு நீளமாக வந்தது.

வேனில் இருந்த போலீஸ்காரர்கள் லத்தியோடு குதித்து இறங்கினார்கள். ஐயோ, ஒரு கல் விழுந்தால் போதுமே, நான் செத்தேன்! தெரு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், சோறு பொங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர் என்று எல்லாரும் வந்தார்கள். வந்து என்ன ஆபத்து என்று பார்த்தார்கள். ஜீப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அப்படியே இரண்டு பக்கமும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நடந்து போக நடுவில் வழி இருந்தது. மாமி மட்டும் என் நெற்றியில் குருசு அடையாளம் போட்டு அனுப்பினாள்.

ஜீப்பில் அந்தப் பெண் அதிகாரி கேட்டார். "எதுக்கும்மா அந்தச் சத்தம்? பூஜையா?" நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்தது. வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க மூடியே இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

பிற்பகலில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். நடுத்தர வயதுக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அரசுத் தரப்பு வக்கீல் என் குரல் செய்தியை எழுத்தில் கொடுத்து, சங்கு ஊதுதல் என்றால் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும் என்றார். எங்கள் வக்கீல் அது இந்தக் கரையில் ஆளைக் கூப்பிடுகிற வழக்கம் என்றார். அது இப்போது ஜோடித்த கதை என்றார் அரசு வக்கீல். இரண்டு பேரும் சூடாகிவிட்டார்கள். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என்னை அழைத்து வந்த பெண் அதிகாரியைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கைது பண்ணும்போது ஏதாவது பிரச்சினை?"

"இல்லைங்க ஐயா. கூட்டம் கூடிருச்சு, ஆனா அமைதியா இருந்தாங்க."

"நீங்க போறது யாருக்கும் தெரியாதில்ல? கூட்டம் எப்படிக் கூடுச்சு?"

"இந்தப் பொண்ணோட அம்மா சங்கு ஊதினாங்க ஐயா. சத்தம் கேட்டு எல்லாரும் வந்துட்டாங்க."

"வந்து?"

"வந்து நின்னாங்க ஐயா. அவ்வளவுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே பட்டது. முகம் மாறியது. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை, அதற்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பதில் பேச எழுந்த எங்கள் வக்கீல் மறுபடி உட்கார்ந்துகொண்டார். மாஜிஸ்திரேட் கையிலிருந்த தாளை இன்னொரு தடவை வாசித்தார். அரசுத் தரப்பைப் பார்த்து, "மேற்கொண்டு ஏதாவது சொல்றீங்களா?" என்றார். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் காதில் விழவில்லை. காவலுக்கு அனுப்ப மறுத்து என்னைச் சொந்த ஜாமீனில் விட்டார்கள். நான் அங்கேயே நின்று வெட்கம் இல்லாமல் அழுதேன்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். பரீட்சையை ஒரு வருஷம் கழித்து எழுதினேன். வேலிக்குக் கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறோம், எத்தனை நாளைக்கோ தெரியாது. அந்த வீடியோ இன்னமும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. என் பெயரைத் தட்டினால் முதலில் வருவது அதுதான். இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, பிறகு பதில் சொல்லாமல் விட்டார்கள். கோர்ட்டில் நடந்ததற்கு யாரும் மியூசிக் போட்டுப் பரப்பவில்லை.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் அம்மா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். கீழுதடு வீங்கி, ஓரத்தில் வெடித்திருந்தது. சங்கு குளிக்கிறவன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தும் அதற்கு முன்னால் ஒருநாளும் அவள் சங்கை வாயில் வைத்து ஊதியதில்லை. உள்ளே என்ன சொன்னார்கள், விட்டார்களா, திரும்ப வரச் சொன்னார்களா, ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு ஊதத் தெரியாதுல்லா. சத்தம் சரியா வந்துச்சாளா?"

"வந்துச்சும்மா" என்றேன். "எல்லாருக்கும் கேட்டுச்சு."